மக்கள்தொகையை நாமளே ஷீட்ல கணிக்கிறது எப்படி: தலைய எண்றதுக்கு முன்னாடி வயச எண்ணுங்க

மக்கள்தொகை கணிப்புன்னு சொன்னதும் புதுசா வர்றவங்க பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறாங்க. மொத்த எண்ணிக்கைய ஒரு செல்ல போடுறது, பக்கத்துல வளர்ச்சி வீதத்த போடுறது, பெருக்கி 2100 வரைக்கும் இழுத்து விட்டுர்றது. பத்து நிமிஷத்துல கிராஃப் வந்துரும், பாக்க அழகாவும் இருக்கும், ஆனா அதுல வர்ற நம்பர் எதையும் நம்ப முடியாது. ஏன்னா புள்ள பெத்துக்குறது மொத்த ஜனமும் சேந்து இல்ல, அதுல 15லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்குற பொண்ணுங்கதான். சாவும் எல்லா வயசுலயும் ஒரே மாதிரி வர்றதில்ல. அதனால வயசு தெரியாம எதிர்காலம் தெரியாது, இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டா கீழ இருக்குற வரிசை ஏன் அப்படி இருக்குன்னு தானா புரிஞ்சுரும்.

இந்த முறைல ஜனங்கள அஞ்சு அஞ்சு வயசு குழுவா பிரிச்சு, ஒவ்வொரு குழுவையும் அஞ்சு அஞ்சு வருஷமா முன்னாடி நகர்த்துவோம். ஐநாவோட மக்கள்தொகை பிரிவு உலகத்துக்கு கணிக்கிறதும் அடிப்படைல இதே வழிதான். காட்டுல இருக்குற மானுக்கும் கடல்ல இருக்குற திமிங்கலத்துக்கும் இதே கணக்கு செல்லும், வயசுக்குழுவோட அகலம் மட்டும்தான் மாறும்.

1. உக்கார்றதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

நாலு டேபிள் வேணும். ஒண்ணு, ஆண் பெண் தனித்தனியா அஞ்சு வயசு குழு வாரியா எத்தன பேர். ரெண்டு, ஆயுள் அட்டவணை, அதாவது ஒவ்வொரு வயசுக்குழுவுலயும் எத்தன பங்கு பேர் உயிரோட அடுத்த குழுவுக்கு போறாங்கன்னு காட்டுற டேபிள். மூணு, 15லேர்ந்து 49 வரைக்கும் ஏழு குழுவுக்கும் தனித்தனியா பிறப்பு வீதம். நாலு, உள்ள வர்றவங்க வெளிய போறவங்க கணக்கு, அதுவும் வயசு வாரியா.

முதல் மூணும் ஐநாவோட உலக மக்கள்தொகை டேட்டால எல்லா நாட்டுக்கும் இலவசமா டவுன்லோட் பண்ணிக்கலாம், நாலாவதுக்கு அங்க நாட்டோட மொத்த நிகர எண்ணிக்கை கிடைக்கும். சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், சாதா எக்செல் ஷீட் போதும். இன்னும் சொல்லப்போனா முதல் தடவ ரெடிமேட் புரோகிராம் எதுவும் தொடாதீங்க, ஏன்னா தப்பு எங்க நடக்குதுன்னு கண்ணுல படாமயே போயிரும்.

2. யார எண்றோம், எந்த தேதில எண்றோம்

இத எழுதி வைக்காம ஆரம்பிச்சவங்க பாதி வழில மாட்டிக்கிறாங்க. சென்சஸ்ல ரெண்டு வழக்கம் உண்டு, அன்னிக்கு ராத்திரி அங்க தங்கி இருந்தவங்கள எண்றது ஒண்ணு, வழக்கமா அங்க குடியிருக்குறவங்கள எண்றது இன்னொண்ணு. மக்கள்தொகைய ஒரு கணக்குலேர்ந்தும் பிறப்பு இறப்ப இன்னொரு கணக்குலேர்ந்தும் எடுத்தா ரெண்டும் ஒட்டாது.

தேதியும் அப்படித்தான். வீதம் கணக்கு போடும்போது கீழ வகுக்க வேண்டியது அந்த வருஷத்தோட நடு எண்ணிக்கை, அதாவது ஜூலை 1 நிலவரம். வருஷம் பூரா நடந்த பிறப்ப ஜனவரி எண்ணிக்கையால வகுத்தா, வேகமா வளர்ற இடத்துல வீதம் கொஞ்சம் கூடுதலா காட்டும்.

விலங்குன்னா சென்சஸ் கிடையாது, பிடிச்சு குறி போட்டு விட்டு திரும்ப பிடிக்கிற முறைதான். ஒரு குளத்துல 50 மீனுக்கு குறி போட்டு விடுறீங்க, கொஞ்ச நாள் கழிச்சு 40 மீன் பிடிக்கிறீங்க, அதுல 8ல குறி இருக்கு. அப்ப குளத்துல இருக்குறது 50 × 40 ÷ 8, அதாவது சுமார் 250. நடுவுல மீன் உள்ள வெளிய போகாம இருந்தாதான் இது செல்லும், குறி கழண்டு விழுந்தா எண்ணிக்கை பொய்யா ஏறிடும்.

3. வயசு டேட்டாவ துருவிப் பாருங்க

எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமான படி, ஆனா எல்லாரும் தாண்டிப் போறது இததான். பிறந்த தேதி சரியா தெரியாத இடங்கள்ல வயசு கேட்டா ஜனங்க 30, 35, 40ன்னு முழுசாதான் சொல்றாங்க. 28, 29 வயசுக்காரங்க 30ன்னு சொன்னா அவங்க 25–29 குழுலேர்ந்து 30–34க்கு தாவிர்றாங்க, அதனால அஞ்சு வயசு குழுவா சேத்தாலும் இந்த கோளாறு முழுசா போகாது.

சோதிக்க எளிய வழி இருக்கு. ஒத்த ஒத்த வயசா டேட்டா எடுங்க, 23லேர்ந்து 62 வயசு வரைக்கும் 0லயும் 5லயும் முடியுற வயசுக்காரங்கள கூட்டி, அஞ்சால பெருக்கி, அந்த வயசு வரம்புல இருக்குற மொத்த பேரால வகுத்து, நூறால பெருக்குங்க. 100 வந்தா சுத்தம், 500 வந்தா எல்லாருமே முழு வயசுதான் சொல்லிருக்காங்கன்னு அர்த்தம். 100லேர்ந்து ரொம்ப தள்ளி இருந்தா, திருத்தி வெளியிட்ட டேபிள தேடி எடுத்துக்கோங்க.

அடுத்தது கைக்குழந்தைங்க. வீட்டுல எத்தன பேருன்னு கேட்டா பச்சப்புள்ளைய விட்டுட்டு சொல்றது பல நாட்டு சென்சஸ்லயும் இருக்குற பிரச்சன. 0–4 குழுல விழுந்த அந்த ஓட்டை அங்கயே நிக்காது, உங்க ஷீட்ல அஞ்சு அஞ்சு வருஷமா மேல ஏறி இருபது வருஷம் கழிச்சு அம்மாக்களே குறைஞ்சு போன மாதிரி காட்டும், அப்புறம் பிறப்பும் குறையும், ஆக ஒரு சின்ன விடுதல் ரெண்டு தலமுறைக்கு பொய் சொல்லிக்கிட்டே போகும்.

4. முதல்ல கச்சா கணக்கு, சீக்கிரம் முடிச்சிருங்க

கச்சான்னா வயசு பாக்காம மொத்தமா போடுறது. பிறப்பு கழித்தல் இறப்பு, அத மொத்தத்தால வகுக்கணும். உலகத்துக்கு சமீப வருஷங்கள்ல வருஷத்துக்கு 13 கோடிக்கு மேல பிறப்பு, 6 கோடிக்கு மேல இறப்பு, நிகரமா சுமார் 7 கோடி. 800 கோடியால வகுத்தா சுமார் 0.9 சதவீதம். இரட்டிக்க எத்தன வருஷம்னு பாக்க 70அ சதவீதத்தால வகுங்க, 78 வருஷம் சொச்சம் வரும்.

இங்க விழுற தப்பு ரெண்டு. பிறப்பு வீதமும் இறப்பு வீதமும் ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு வரும், வளர்ச்சி வீதம் நூத்துக்கு இவ்வளவுன்னு வரும். ஆயிரத்துக்கு 17 பிறப்பு, 8 இறப்புன்னா வளர்ச்சி 9 சதவீதம் கிடையாது, 0.9 சதவீதம். சிரிக்கிற மாதிரி தெரியலாம், ஆனா நான் பாத்த முதல் ஷீட்டுகள்ல இது அடிக்கடி வருது.

ரெண்டாவது, கூடுற எண்ணிக்கையையும் கூடுற வேகத்தையும் போட்டுக் குழப்புறது. 600 கோடி 1999ல, 700 கோடி 2011ல, 800 கோடி 2022 நவம்பர்ல. நூறு கோடி கூட 11, 12 வருஷம்தான் ஆகுது, அதனால வேகம் குறையலன்னு நெனைக்கிறாங்க. ஆனா 1960ல 300 கோடியா இருந்தது 1999ல 600 கோடி ஆச்சு, 39 வருஷம். 1974ல 400 கோடியா இருந்தது 2022ல 800 கோடி, 48 வருஷம். இரட்டிக்கிற காலம் நீண்டுக்கிட்டே போகுது. 1960கள்ல 2 சதவீதத்த தாண்டி இருந்த வளர்ச்சி இப்ப 1 சதவீதத்துக்கு கீழ வந்துருச்சு, அடி பெருசா இருக்குறதால சின்ன சதவீதமும் பெரிய எண்ணா தெரியுது.

இந்த கச்சா நம்பர ஒரு ஓரமா எழுதி வைங்க, பின்னாடி ஒப்பிட்டுப் பாக்க உதவும். இத வச்சே முன்னாடி இழுக்காதீங்க.

5. பிரமிடு வரைஞ்சு பாருங்க

ஒவ்வொரு வயசுக்குழுவுக்கும் ஒரு பட்டை, இடது பக்கம் ஆண், வலது பக்கம் பெண், கீழ குழந்தைங்க, மேல வயசானவங்க. ஃபார்முலாவ தொடுறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் இதையே பாருங்க. அடி அகலமா இருந்தா அம்மாக்கள் இனிமேதான் வரப்போறாங்க. அடி சுருங்கி நடு தொப்ப போட்ட மாதிரி இருந்தா இன்னும் இருபது முப்பது வருஷத்துல இறப்பு தானா ஏறும். ஒரு இடத்துல திடீர்னு பள்ளம் இருந்தா போரா, பஞ்சமா, டேட்டா தப்பான்னு கண்டுபிடிச்சுட்டுதான் மேல போகணும்.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, ஜப்பான்ல சராசரி ஆயுள் சுமார் 84, இந்தியாவுல 70 சொச்சம். ஆனா ஆயிரம் பேருக்கு எத்தன இறப்புன்னு பாத்தா ஜப்பான்ல 12ஐ தாண்டுது, இந்தியாவுல 6, 7தான். ஜப்பான் ஆஸ்பத்திரி மோசமா என்ன? அங்க வயசானவங்க அதிகம், அவ்வளவுதான். கச்சா இறப்பு வீதத்த வச்சு ரெண்டு நாட்டோட ஆரோக்கியத்த ஒப்பிடவே கூடாது.

6. ஆளுங்கள அஞ்சு வருஷம் முன்னாடி நகர்த்துங்க

பெண்கள் ஷீட்ட முதல்ல போடுங்க, பிறப்புக்கு அதுதான் வேணும். 15–19 குழுல இப்ப 1,11,000 பெண்கள், அஞ்சு வருஷம் தாண்டுற பங்கு 0.991ன்னு வைங்க. அஞ்சு வருஷம் கழிச்சு 20–24 குழுல 1,10,000 பேர். ஷீட்ல பாத்தா ஒரு வரிசை கீழ, ஒரு நெடுவரிசை வலது, எல்லா குழுவும் இப்படி குறுக்கா இறங்கணும். நேரா வலது பக்கம் இழுத்துட்டா அதே ஆளுங்க வயசே ஏறாம நின்னுக்கிட்டு இருப்பாங்க.

குழு அஞ்சு வயசுன்னா தாவலும் அஞ்சு வருஷமா இருக்கணும். ஒரு வருஷ உயிர்வாழ் பங்க எடுத்து அஞ்சு வருஷத்துக்கு போடுறது அடிக்கடி நடக்குற தப்பு. வருஷத்துக்கு 0.99ன்னா அஞ்சு வருஷத்துக்கு 0.99அ அஞ்சு தடவ பெருக்கணும், 0.951 வரும். 0.99ன்னே விட்டா உங்க ஷீட்ல கிழவன் கிழவி யாரும் சாகவே மாட்டாங்க.

கடைசி குழுவ தனியா கவனிங்க. 80க்கு மேலன்னு திறந்து விட்டுருந்தா, அதுக்குள்ள வர்றவங்க 75–79லேர்ந்து தப்பிச்சவங்களும் ஏற்கனவே 80க்கு மேல இருந்து இன்னும் உயிரோட இருக்குறவங்களும் சேந்து. ரெண்டாவது கூட்டத்த மறந்துட்டா ஒவ்வொரு சுத்துலயும் வயசானவங்க மொத்தமா காணாம போயிருவாங்க.

7. பிறப்பு: நகர்த்தின பிறகுதான், முன்னாடி இல்ல

வரிசை இங்கதான் உயிர். அஞ்சு வருஷத்துல குழந்தை பெத்துக்குறவங்க ஆரம்பத்துல இருந்த பெண்களும் இல்ல, கடைசில இருக்குறவங்களும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல. அதனால நகர்த்தி முடிச்சாதான் சராசரி எடுக்க முடியும்.

20–24 குழுல ஆரம்பத்துல 1,00,000 பேர், கடைசில 1,10,000. சராசரி 1,05,000. அந்த வயசோட பிறப்பு வீதம் வருஷத்துக்கு 0.12ன்னா, அஞ்சு வருஷத்துக்கு 1,05,000 × 0.12 × 5 = 63,000 குழந்தைங்க. அந்த × 5 விட்டுப்போனா பிறப்பு அஞ்சுல ஒரு பங்காயிரும், கிராஃப் குப்புற விழும்.

இப்படி ஏழு குழுவுக்கும் போட்டு கூட்டிக்கோங்க, அப்புறம் ஆண் பெண் பிரிக்கணும். பாதி பாதின்னு போடாதீங்க. இயல்பா 100 பெண் குழந்தைக்கு சுமார் 105 ஆண் குழந்தை பிறக்குது, அதனால பெண் பங்கு 100 ÷ 205. 63,000ல பெண் சுமார் 30,700. அதுலயும் எல்லா குழந்தையும் தங்கிர்றதில்ல, தங்குற பங்கு 0.96ன்னா 0–4 குழுவுக்கு வர்றது சுமார் 29,500. பிறந்த எண்ணிக்கைய அப்படியே 0–4ல ஒட்டுறவங்க சிசு மரணத்த சத்தமில்லாம அழிச்சுர்றாங்க.

இந்த ஏழு வீதத்தையும் கூட்டி அஞ்சால பெருக்கினா வர்றதுதான் மொத்த கருவள வீதம், ஒரு பெண் வாழ்நாள்ல சராசரியா பெத்துக்குற குழந்தைங்க. அம்மாவுக்கு பதிலா ஒரு மகள் வர 2.1 வேணும்னு சொல்றது, ஆண் குழந்தை கொஞ்சம் கூடுதலா பிறக்குறதாலயும் சில பெண்கள் தாயாகுற வயசுக்கு முன்னாடியே இறந்துர்றதாலயும். சாவு அதிகமா இருக்குற இடத்துல 2.1 பத்தாது. இன்னொண்ணு, பெண்கள் கல்யாணத்தையும் குழந்தையையும் தள்ளிப்போடுற காலத்துல இந்த வீதம் தற்காலிகமா தாழ்ந்து தெரியும், அத நிரந்தரம்னு எடுத்துக்கிட்டு எண்பது வருஷம் இழுக்காதீங்க.

8. வர்றவங்க போறவங்க

உலகம் மொத்தத்துக்கும்னா இது பூஜ்யம், தாண்டிப் போங்க. நாட்டுக்குன்னா நிகர எண்ணிக்கைல பாதிய அந்த அஞ்சு வருஷ ஆரம்பத்துலயும் பாதிய கடைசிலயும் சேருங்க, ஏன்னா பாதிப் பேர் அங்க இருந்துக்கிட்டு குழந்தையும் பெத்திருப்பாங்க. எல்லா வயசுக்கும் சமமா பிரிச்சு போடுறது தப்பு, இடம் மாறுறவங்கள்ல இருபது முப்பது வயசுக்காரங்கதான் ரொம்ப அதிகம்.

9. ஒரு செக் செல் வைங்க

ஆரம்ப எண்ணிக்கை + பிறப்பு − இறப்பு + நிகர வரவு − கடைசி எண்ணிக்கை. விடை பூஜ்யமா இருக்கணும். ஒவ்வொரு அஞ்சு வருஷத்துக்கும் கீழ இத போட்டு, பூஜ்யம் இல்லன்னா செல் சிவப்பா மாறுற மாதிரி வச்சிருங்க. 40 வருஷம் ஓட்டின பிறகு தப்பு தேடுறது ரொம்ப வேதனை, ஒருதடவ இப்படி ரெண்டு நாள் தேடி கடைசில மூணாவது நெடுவரிசைல ஒரு செல் தவறா கை காட்டுதுன்னு கண்டுபிடிச்சேன்.

10. உந்துதல் சோதனை, இத கண்டிப்பா ஓட்டுங்க

"ரெண்டு குழந்தையோட நிறுத்திட்டா ஜனத்தொகை நின்னுரும்"னு நம்புறவங்க நிறைய. நிக்காது, கையால போட்டுப் பாருங்க. பெண்கள் மட்டும், 15 வயசு குழு, லட்சத்துல: 0–14ல 40, 15–29ல 28, 30–44ல 18, 45–59ல 10, 60–74ல 4. மொத்தம் 100. நடுவுல யாரும் சாகல, 75ல எல்லாரும் இறந்துர்றாங்கன்னு வைங்க. இன்னிலேர்ந்து ஒவ்வொரு பெண்ணும் 15–29 வயசுல சரியா ஒரே ஒரு மகள பெத்துக்குறாங்க.

முதல் 15 வருஷம் கழிச்சு: 15–29ல ஆரம்பத்துல 28, கடைசில 40, சராசரி 34. அதனால குழுக்கள் 34, 40, 28, 18, 10, மொத்தம் 130. அடுத்த சுத்துல 37, 34, 40, 28, 18, மொத்தம் 157. அதுக்கடுத்து 174.5, நாலாவது சுத்துல சுமார் 183, அஞ்சாவதுல சுமார் 179, அப்புறம் அந்த அளவுலயே நின்னுருது. ஒரு அம்மாவுக்கு ஒரு மகள்னு முதல் நாள்லேர்ந்தே இருந்தும் 60 வருஷத்துல 83 சதவீதம் கூடிருச்சு.

இதுக்கு யாரும் கூடுதலா பெத்துக்கல. ஏற்கனவே பிறந்துட்ட 40 லட்சம் பொண்ணுங்க வளர்ந்து மேல மேல ஏறி, காலியா இருந்த வயசான குழுக்கள நிரப்புறாங்க, அவ்வளவுதான். இததான் உந்துதல்னு சொல்றது. இத ஒருதடவ சொந்தக் கையால போட்டவங்க அப்புறம் எந்த செய்தியையும் வேற மாதிரிதான் படிப்பாங்க, அது நிச்சயம். உலக கருவள வீதம் இப்ப 2.25க்கு பக்கத்துல வந்துட்ட பிறகும் 2080கள் நடு வரைக்கும் எண்ணிக்கை ஏறி சுமார் 1030 கோடிய தொடும்னு ஐநா 2024ல கணிச்சதுக்கு இந்த உந்துதல் ஒரு பெரிய காரணம்.

11. உச்சவரம்பு போடணுமா?

சூழலியல் படிச்சுட்டு வர்றவங்க உடனே தாங்குதிறன்னு, அதாவது அந்த இடம் அதிகபட்சம் தாங்குற எண்ணிக்கைன்னு, ஒரு நம்பர் போட்டு எஸ் வடிவ வளைவ பொருத்தப் பாப்பாங்க. வளர்ச்சி = r × N × (1 − N/K). இதுல N இப்ப இருக்குற எண்ணிக்கை, r தடையில்லாம வளர்ந்தா வர்ற வீதம், K அந்த தாங்குதிறன். ஆய்வகத்துல ஒரு குடுவைல ஈஸ்ட் வளக்குறீங்கன்னா அழகா பொருந்தும், ஏன்னா உணவு எவ்வளவு, இடம் எவ்வளவுன்னு நிலையா இருக்கு. வெளில கவனம் வேணும்.

பெரிங் கடல்ல செயின்ட் மேத்யூ தீவுல 1944ல 29 பனிமான்கள கொண்டு வந்து விட்டாங்க. வேட்டையாடுற மிருகம் அங்க இல்ல, தரை பூரா லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் ஒண்ணா சேந்து வளர்ற உயிர். 1963 கோடைல சுமார் 6,000. 19 வருஷத்துல இந்த ஏத்தத்த கணக்கு போட்டா சுமார் ரெண்டரை வருஷத்துக்கு ஒருதடவ இரட்டிச்சிருக்கு. அந்த எஸ் வளைவு உச்சத்துல மெல்ல தட்டையாகும்னு சொல்லும். நடந்தது வேற. லைக்கன் தின்னு தீந்துருச்சு, அது திரும்ப வளர பல வருஷம் ஆகும், அடுத்த குளிர்காலம் கடுமையான பனியோட வந்துச்சு, 1966ல எண்ணினப்ப 42தான் மிச்சம். ஃபார்முலாவுல கூட்டம் கூடின உடனே வளர்ச்சி குறையும், நிஜத்துல தட்டுப்பாட்டோட பாதிப்பு தாமதமா வந்து ஒரேடியா அடிச்சுது.

இன்னும் ஒண்ணு பாருங்க, அந்த 42ல 41 பெண், ஒரே ஒரு ஆண், அதுவும் கொம்பு சரியா வளராதது, குட்டி ஒண்ணுகூட இல்ல. எண்ணிக்கைல 29ஐ விட 42 பெருசு. ஆனா 29லேர்ந்து 6,000 வந்துச்சு, 42லேர்ந்து ஒண்ணும் வரல, கூட்டமே அழிஞ்சுபோச்சு.

மனுஷங்களுக்கு K போடுறது இன்னும் ஆபத்து. 1920ல பேர்ல், ரீட்னு ரெண்டு பேர் அமெரிக்க சென்சஸ் நம்பர்கள வச்சு இதே வளைவ பொருத்தி உச்சவரம்பு சுமார் 19.7 கோடின்னு கண்டுபிடிச்சாங்க. 1967ல அமெரிக்கா 20 கோடிய தாண்டி போய்க்கிட்டே இருந்துச்சு. உணவு உற்பத்தி, மருத்துவம், குடியேத்தம் எல்லாம் மாறும்போது K ஒரு இடத்துல நிக்காது. அதோட இப்ப மனுஷ பிறப்பு குறையுறது சோறு இல்லாததால இல்ல, பெண்கள் படிக்கிறாங்க, குழந்தைங்க தங்குறாங்க, கருத்தடை கைக்கு கிடைக்குது. அதனால மனுஷ ஷீட்ல K வேண்டாம், மாறுற கருவள வீதத்த நேரடியா போடுங்க.

12. பின்னாடி போய் ஓட்டிப் பாத்துட்டு வெளியிடுங்க

இருபது வருஷம் முந்தின டேட்டாவ எடுத்து அதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஓட்டுங்க, உண்மை நம்பரோட வயசு வாரியா ஒப்பிடுங்க. மொத்தம் சரியா வந்துருச்சுன்னு சந்தோஷப்படாதீங்க, ரெண்டு தப்பு ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு மொத்தம் சரியா வர்றது சகஜம். சின்ன வயசுல இடிச்சா பிறப்பு வீதம் தப்பு, இருபது முப்பதுல இடிச்சா இடப்பெயர்வு தப்பு, 70க்கு மேல இடிச்சா உயிர்வாழ் பங்கு தப்பு.

அப்புறம் ஒத்த கோடா காட்டாம மூணு கோடா காட்டுங்க. ஐநா செய்ற மாதிரி கருவள வீதத்துல அரைக் குழந்தை கூட்டி ஒண்ணு, குறைச்சு ஒண்ணு ஓட்டுங்க. உலகத்துக்கு இந்த அரைக் குழந்தை வித்தியாசம் 2100ல ஒரு பக்கம் கிட்டத்தட்ட 700 கோடி, இன்னொரு பக்கம் 1400 கோடிக்கு மேலன்னு கொண்டு போய் நிறுத்துது. கிராஃபுக்கு கீழயே எந்த கருவள வீதம், எந்த வருஷ டேட்டா, இடப்பெயர்வு சேத்தாச்சா இல்லையான்னு ஒரு வரி எழுதிருங்க, அந்த வரி இல்லாம கிராஃப யாருக்கும் அனுப்பாதீங்க.